அக்காள் கேட்ட கேள்வி

“அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, தம்பி?”

கேட்டவள் என் தமக்கை. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள், முதல் வாரத்தில் ஒரு மாலை. வடசென்னையில் எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணை. ஐந்து சவரன் சங்கிலியை விற்று வந்த 16,000 ரூபாயைத் துணியில் முடிந்து என் கையில் வைத்தவள், தன் கையை எடுக்காமலே கேட்டாள். அத்தான் ஆலைத் தொழிலாளி. நாற்பதைத் தொடுமுன் மறைந்தவர். அவர் விட்டுச் சென்றவை இரண்டே: அந்தச் சங்கிலி, நான்கு வயதுப் பையன்.

நான் என்ன விடை சொன்னேன்? “பிப்ரவரியில் 60 ரூபாய், அக்கா. இன்றைக்கு 160!” என்றேன். அவள் கேட்டது தொழிலை. நான் சொன்னது விலையை. கேள்விக்கும் விடைக்கும் ஒட்டில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆயினும் என்ன! தம்பி படித்தவன், பாரிமுனையில் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பேரேடு புரட்டுபவன், அவன் அறியாததா? கையை எடுத்துக்கொண்டாள்.

தோழர்களே, அன்றைய நான் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இராகு காலம் பார்த்து, அந்த நேரத்திலேயே வேலையில் சேர்ந்து, அலுவலகத்துப் பெரியவர்களைத் திடுக்கிட வைத்தவன். பக்கத்து வீட்டார் காசு கொடுத்து எழுதிவந்த சாதகக் கட்டங்களைக் கண்டு கைகொட்டிச் சிரித்தவன். அத்தகைய நான், நாள்தோறும் காலையில் செய்தித்தாளின் பங்கு விலைப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, எது உச்சம், எது நீசம் என்று பலன் பார்த்துக்கொண்டிருந்தேன்! கட்டம் மாறியதே தவிரக் கண்மூடித்தனம் மாறவில்லை. இதை அன்று யாரேனும் என்னிடம் சொல்லியிருந்தால் சீறி விழுந்திருப்பேன்.

காலமும் அப்படிப்பட்டதுதான். பம்பாய்ப் பங்குச் சந்தையின் குறியீட்டெண் சனவரி நடுவில் 2,000ஐத் தாண்டியது. ஏப்ரலில் 4,400ஐயும் கடந்தது. மூன்றே திங்களில் நாட்டின் ஆலைகள் இரட்டித்தனவா? உழைக்கும் கைகள் இரட்டித்தனவா? இல்லை. ஏ.சி.சி. என்னும் சிமெண்டு நிறுவனத்தின் பங்கு, ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து கிளம்பி 9,000 ரூபாயை நெருங்கிற்று. இந்த ஏற்றத்தின் தலைமகன் ஹர்ஷத் மேத்தா என்ற பம்பாய்த் தரகர்.

மேத்தாவிடம் பணம் மட்டுமன்று, ஒரு கொள்கையும் இருந்தது. பழைய நிறுவனமொன்றின் மதிப்பைக் கணக்கேட்டில் தேடக்கூடாது. அதே ஆலையை இன்று புதிதாகக் கட்டினால் என்ன செலவாகுமோ, அதுவே அதன் மதிப்பு என்பது அந்தக் கொள்கை. கேட்டவர் மயங்கினர். நானும் மயங்கினேன். ஏன்? அதில் பாதி உண்மை இருந்தது. முழுப் பொய்யை எவன் நம்புவான்!

பாதி உண்மை இதுதான். கணக்கர் மதிப்பை எழுதுவதில்லை, நடந்ததை எழுதுகிறார். ஓர் ஆலை 1940இல் ஏக்கர் 500 ரூபாய்க்கு நிலம் வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் ஊர் வளர்ந்து, ஏக்கர் பல இலட்சம் விலை பெறும்; ஏட்டிலோ அதே 500. கூடத்திலே நிற்கும் பொறிக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதி எழுதி, ஏட்டில் அது ஏறத்தாழச் சுழியாகியிருக்கும். கூடத்திலோ கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். இது மூடத்தனமா என்றால், அல்ல. கொடுத்த விலைக்கு இரசீது உண்டு. இன்றைய மதிப்புக்கு யாருடைய வாய்ச்சொல் சான்று? ஆளுக்கொரு மதிப்பை எழுதிக்கொள்ள விட்டால் ஏடு எதற்கு? அந்த எச்சரிக்கையால், ஏட்டு மதிப்பு உண்மை மதிப்பிலிருந்து விலகி நிற்பதும் உண்டு. அந்த இடைவெளியைச் சுட்டிக் காட்டியமட்டில் மேத்தா சொன்னது சரி.

பொய்ப் பாதி எது? புதிதாகக் கட்ட ஒரு கோடி ஆகும் என்பதற்காக, குடிவர ஆளில்லாத வீட்டுக்கு ஒரு கோடி கொடுப்பாருண்டோ? கட்டும் செலவு வேறு. வரும் பயன் வேறு. பயனைப் பேசாமல் செலவை மட்டும் பேசினார். அதையும் வங்கிப் பணத்தை வைத்துக்கொண்டு பேசினார். வங்கிகள் தமக்குள் அரசுப் பத்திரங்களை வாங்கி விற்கும் இடைவேளையில் தரகர் கைக்கு வந்த பணம், பத்திரமே இல்லாமல் எழுதப்பட்ட வங்கி இரசீதுகளின் பேரில் பெற்ற பணம், இவை பங்குச் சந்தைக்குள் பாய்ந்தன. விலை ஏறிற்று, ஏறிய விலையைக் காட்டி, பார்த்தீர்களா என் கொள்கை மெய்யென்றார்!

மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். பூத்திருக்கும்போதே விலை பேசுவார். மரத்தை நட ஆன செலவை அவர் கேட்பதில்லை. எத்தனை பூ, அதில் எத்தனை பிஞ்சு, காற்றுக்கு எவ்வளவு கழியும், சந்தைக்கு எவ்வளவு போகும், அந்த நாள் வரைக்கும் தன் பணத்துக்கு வட்டி என்ன, இவற்றையே எண்ணுவார். நிறுவனத்தின் மதிப்பும் அடிப்படையில் இதுதான். பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் 100 ரூபாய், நூற்றுக்கு ஏழு வட்டி நிலவும்போது இன்றைக்கு ஏறத்தாழ 51 ரூபாய் பெறும். மூன்று வட்டி என்றாலோ 74 ரூபாய். அதே மரம், அதே காய். வட்டி இறங்கியது, விலை ஏறியது! சந்தைகள் திடீரென மகிழ்வதற்கும் மயங்கி விழுவதற்கும் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. ஆனால் பூவே இல்லாத மரத்துக்கு, நேற்று ஒருவன் கொடுத்த விலையைக் காட்டி, இன்று அதைவிட அதிகம் கேட்டால்? குத்தகைக்காரர் சிரித்துவிட்டுப் போவார். நான் சிரிக்கவில்லை, சங்கிலியை விற்கச் சொன்னேன்.

ஏப்ரல் 23ஆம் நாள் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சுசேதா தலால் எழுதிய செய்தி வெளிவந்தது. 28ஆம் நாள் ஒரே நாளில் குறியீட்டெண் 570 புள்ளி சரிந்தது. பின்னர் ரிசர்வ் வங்கி அமைத்த சானகிராமன் குழு, வங்கிகளிடமிருந்து போன தொகையை 4,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. என் தமக்கையின் 16,000 அதில் சேராது. அதைக் கணக்கிட எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை.

ஆடி மாதம் அக்காள் கேட்டாள்: “அதை விற்றுவிட முடியாதா, தம்பி?”

“வாங்க ஆளில்லை, அக்கா.”

“160 ரூபாய் என்றாயே?”

“அது, அன்றைக்கு வாங்க ஆளிருந்த விலை.”

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “பத்திரத்தை என்னிடம் கொடு” என்றாள். வாங்கி, குடும்ப அட்டை வைத்திருந்த பையில் வைத்தாள். மறு வாரம் தையல் பொறி ஒன்றைத் தவணைக்கு எடுத்தாள்.

என் வாயிலிருந்து தற்செயலாய் வந்த அந்த விடையை எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் பங்குகள். ஒரு நாளில் கைமாறியவை ஐந்நூறு. கடைசியாகப் பேசப்பட்ட விலை 160. உடனே அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு 16 கோடி என்று எழுதிவிடுகிறார்கள். ஐந்நூறு பங்குக்கு ஆள் இருந்தான். மிச்சம் ஒன்பது இலட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூறுக்கு அதே விலையில் ஆள் எங்கே? எல்லோரும் ஒரே நாளில் விற்க வரும்போதுதான் அந்தப் 16 கோடி யாருடைய பெட்டியிலும் இல்லை என்பது தெரியும்.

சரிவுக்குப் பிறகுதான் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் தேடிப் பிடித்தேன். பெயர் வேண்டாம். சாயத் தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள்களை வாங்கி விற்பது அதன் வேலை. பங்கு ஒன்றுக்கு ஏட்டு மதிப்பு 22 ரூபாய். ஈவு 1 ரூபாய். முதலைப் போல் மூன்று மடங்கு கடன். வரவேண்டிய பாக்கியில் பெரும்பகுதி ஆறு திங்களுக்கு மேல் வராமல் கிடந்தது. படித்து முடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அரைமணி! அதுவும் என் பிழைப்பே அதுதான். ஊரார் நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பைப் பகலெல்லாம் கூட்டிச் சரிபார்த்தவன், தன் தமக்கையின் பணத்துக்கு மட்டும் ஏட்டைத் திறக்கவில்லை.

எனக்கு ஒரு பெரிய துணை உண்டு. 1720இல் இலண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்கு, ஆண்டுத் தொடக்கத்தில் 128 பவுன் அளவில் இருந்து, கோடையில் 1,000 பவுனை எட்டி, ஆண்டு முடிவதற்குள் மீண்டும் தரைக்கு வந்தது. அதில் பெருந்தொகை இழந்தவர்களில் ஒருவர் ஐசக் நியூட்டன். முதலில் இலாபத்தோடு விற்றுவிட்டு வெளியேறியவர்தாம். மேலும் ஏறுவதைக் கண்டு பொறுக்கமாட்டாமல் மறுபடி வாங்கினார். ஞாயிறும் திங்களும் எப்படி இயங்குகின்றன என்று உலகுக்குச் சொன்ன மூளை! துணை இருக்கிறது என்பதால் வெட்கம் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் ஏட்டை நம்பினால் போதுமா? அப்படித்தான் சில ஆண்டுகள் நானும் எண்ணியிருந்தேன். பிறகு ஏட்டின் சேட்டைகளையும் கண்டேன். நற்பெயர் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு நிறுவனம் தானே உழைத்துச் சேர்த்த பெயருக்கு அதன் ஏட்டில் இடமில்லை. அதையே இன்னொரு நிறுவனம் விலைக்கு வாங்கினால், சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை முழுவதும் நற்பெயர் என்று எழுதப்பட்டுச் சொத்தாகிவிடும்! 2000ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவில், இணையத் தொடர்பு விற்றுவந்த ஏ.ஓ.எல்., திரைப்படமும் இதழ்களும் கம்பிவழித் தொலைக்காட்சியும் நடத்திவந்த டைம் வார்னரோடு இணைவதாக அறிவித்தது. வருவாயில் டைம் வார்னரே மிகப் பெரியது. ஆனால் சந்தை ஏ.ஓ.எல். பங்குக்கு வானளாவிய விலை வைத்திருந்தது. ஆகவே இணைந்த நிறுவனத்தில் ஏ.ஓ.எல்.காரர்களுக்கு 55 விழுக்காடு. மயக்கம் நாணயமாயிற்று, நாணயம் ஏட்டில் நற்பெயராயிற்று. 2002இல் அந்த நற்பெயரைத் தள்ளி எழுதியபோது, ஆண்டு நட்டம் ஏறத்தாழ 9,900 கோடி டாலர். சந்தையின் கனவைக் கணக்கர் மைதொட்டு எழுதி வைத்தார்; கனவு கலைந்ததும் அதே மையால் அடித்தார்.

நம் நாட்டில் சத்யம் நிறுவனத்தின் கதை இன்னும் எளிது. அங்கே நற்பெயர் அல்ல, வங்கியில் இருக்கும் ரொக்கமே பொய். 2009 சனவரி 7ஆம் நாள் அதன் தலைவர் இராமலிங்க ராஜு தாமே எழுதி ஒப்புக்கொண்டார்: ஏட்டில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று. தணிக்கை முடிந்து கையெழுத்தாகி வந்த ஏடுகள் அவை. அன்று காலை 179 ரூபாயாக இருந்த பங்கு மாலையில் 40 ரூபாய். நான் அன்றிரவு உறங்கவில்லை. வங்கிக்கு நேராக எழுதி இருப்பை உறுதி செய்துகொள் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி அல்லவா!

2021 நவம்பருக்கு வருகிறேன். நான்கு வயதுப் பையன் முப்பத்து மூன்று வயதுப் பொறியாளனாகி, அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியை என் முன் நீட்டினான். பிட்காயின், ஒன்று 69,000 டாலரை நெருங்கியிருந்தது.

“மாமா, இரண்டு கோடியே பத்து இலட்சத்துக்கு மேல் ஒன்றுகூட உண்டாகாது. அதுதான் இதன் மதிப்பு” என்றான்.

“அரிதாக இருப்பது சரி. காய்க்குமா?”

“காய்க்காது. தங்கம் மட்டும் காய்க்கிறதா?”

நல்ல கேள்வி. தங்கம் காய்க்காது, கழுத்தில் கிடக்கும், அடகுக்குப் போகும், ஆபத்தில் ஐந்து சவரன் 16,000 ரூபாயாகும். இதுவோ அடுத்தவன் அதிகம் கொடுப்பான் என்ற ஒன்றையே நம்பி நிற்கிறது. கணக்கர்களே இதை எங்கே எழுதுவதென்று திணறினார்கள். பன்னாட்டுக் கணக்கு விதிகளை விளக்கும் குழு 2019இல், இது ரொக்கமுமன்று, நிதிச் சொத்துமன்று; பெரும்பாலும் புலனாகாச் சொத்து என்றது. அமெரிக்காவில் 2023 திசம்பரில் புது விதி வரும்வரை, விலை இறங்கினால் குறைத்து எழுத வேண்டும், மறுபடி ஏறினாலும் கூட்டி எழுதக்கூடாது என்றே இருந்தது. இப்போது அங்கே சந்தை விலையையே எழுதுகிறார்கள். ஏடு சந்தையைப் பார்த்து எழுதுகிறது. சந்தை எதைப் பார்த்து விலை சொல்கிறது?

அடுத்த ஆண்டு நவம்பரில் அது 16,000 டாலருக்கும் கீழே வந்தது. 2024 திசம்பரில் ஓர் இலட்சம் டாலரைத் தாண்டியதும் உண்மை, மறைப்பானேன்? ஏறியது என்பதும் இறங்கியது என்பதும் என் தமக்கையின் கேள்விக்கு விடையாகா.

அந்த ஞாயிறன்று நாங்கள் பேசியதையெல்லாம் அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்தாள். மகன் என் பதிலில் நிறைவில்லாமல் கைப்பேசியை மடியில் வைத்தபோது, எழுந்து உள்ளே போனாள். குடும்ப அட்டைப் பையைக் கொண்டுவந்தாள். மஞ்சளித்துப்போன பத்திரங்களை எடுத்து, அவன் முன்னால் பாயில் வைத்துவிட்டு மறுபடி கீரைக்குப் போனாள்.

அவன் எடுத்துப் புரட்டினான். முத்திரையைப் பார்த்தான்; எண்ணைப் பார்த்தான்; பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“இது என்ன கம்பெனி, மாமா? என்ன செய்கிறது?” என்றான்.

“உன் அம்மாவைக் கேள்” என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. “எனக்கெப்படித் தெரியும்? நான் கேட்டதற்கு உன் மாமன் சொல்லவே இல்லையே” என்றாள்.