திண்ணையில் ஒரு வகுப்பு

2021ஆம் ஆண்டின் இறுதியில், ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, எங்கள் வீட்டுத் திண்ணையை மாலை வகுப்பாக்கினேன். பெருந்தொற்றினால் 19 மாதங்கள் பள்ளி வாசலை மிதியாத பிள்ளைகள்! சுவரெங்கும் எழுத்து அட்டைகளைத் தொங்கவிட்டேன், அழகாய்த்தான் இருந்தது. நான்காம் வகுப்புச் சிறுவனொருவன் மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வீட்டில் உம்மாவிடம் தடையின்றிக் குர்ஆன் ஓதி வந்தவன், தமிழ் எழுத்துகளை மறந்திருந்தான். அவனுடைய வெட்கத்தை நான் சுவரில் மாட்டி வைத்திருந்தேன் போலும். மறுநாள் அட்டைகளைக் கழற்றிவிட்டுப் புளியங்கொட்டைகளைக் கொட்டினேன்.

“உம்மா பெயரின் முதல் எழுத்தை அடுக்கு, பார்ப்போம்.”

கலைத்துக் கலைத்து அடுக்கினான். மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது, மற்றவர்கள் எழுந்தனர். அவன் தலை நிமிராமலே கேட்டான்:

“வாப்பா பெயருக்குக் கொட்டை போதுமா, லாத்தா?”