ஜி.டி.ஆர் எப்போ வரும் மாமா?

'தங்கம் எப்போ குறையும்', 'மெட்ரோ வேலை எப்போ முடியும்' என்று எல்லோர் வீட்டிலும் பதில் இல்லாத கேள்விகள் சில உண்டு. எங்கள் வீட்டில் அதோடு இன்னொன்றும் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. "அடுத்த ஜி.டி.ஆர் எப்போ வரும் மாமா?"

கேட்பவன் என் அக்கா மகன். வயது 31. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஜி.டி.ஆர் என்பது ஜப்பானின் நிஸான் கம்பெனி தயாரித்த வேகக் கார். ஸ்கூல் நாள்களில் 'கிரான் டூரிஸ்மோ' வீடியோ கேமில் அதை ஓட்டியதிலிருந்து பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

2016 டிசம்பரில் அந்த கார் இந்தியாவுக்கே விற்பனைக்கு வந்தது. விலை 1.99 கோடி ரூபாய். "ஒரு டயர் கூட நம்மால வாங்க முடியாதேடா" என்றேன். "வாங்கறதுக்கா மாமா கேக்கறேன்? வருதான்னுதானே கேக்கறேன்" என்றான். கிரிக்கெட் பார்க்கிற எல்லோருமா இந்திய அணியில் ஆடப் போகிறோம்? அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த ரசிகர்கள் நாள் குறிக்கும் அழகே தனி. ஜோசியருக்குப் பஞ்சாங்கம் மாதிரி இவர்களுக்குப் பழைய தேதிகள். முதல் ஜி.டி.ஆர் வந்தது 1969-ல். அதனால் 50-வது ஆண்டான 2019-ல் புது மாடல் வந்தே தீரும் என்று என் மாப்பிள்ளையும் அவன் நண்பர்களும் அடித்துச் சொன்னார்கள். வந்தது என்னவோ பழைய மாடலிலேயே ஒரு பொன்விழா பதிப்புதான்.

2023 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் 'ஹைப்பர் ஃபோர்ஸ்' என்று ஒரு மாதிரிக் காரை நிஸான் காட்டியது. முழுக்க மின்சாரம். 1,000 கிலோவாட் சக்தி. நமக்குப் பழகிய கணக்கில் 1,300 குதிரைகளுக்கும் மேல். அன்று ராத்திரியே எனக்கு போன். "மாமா, போன தடவை 2001-ல மாதிரிக் காரைக் காட்டினாங்க. 2007-ல நிஜக் கார் வந்துச்சு. ஆறு வருஷம். 2023 கூட ஆறைக் கூட்டுங்க. 2029!"

எனக்கு கார் தெரியாது. வாழ்க்கை முழுக்க ஸ்கூட்டர்தான். ஆனால் 34 வருஷம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்ததில், ஒரு கம்பெனியின் வரவு செலவைப் பார்த்தால் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். "அந்த ஆறு வருஷம் கம்பெனி எப்படி இருந்துச்சு, அதைப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

1999-ல் நிஸான் கடனில் மூழ்கிக் கிடந்தது. பிரான்ஸின் ரெனோ கம்பெனி பங்கு வாங்கிக் கைகொடுத்தது. கார்லோஸ் கோன் தலைமையில் ஆலைகளை மூடி, ஆட்களைக் குறைத்து, சில வருஷங்களில் லாபத்துக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் 2007-ல் 'ஆர்35' என்ற அந்த ஜி.டி.ஆர் வந்தது. வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிய ஆரம்பித்த பிறகுதானே பட்டுப்புடவை எடுக்க முடியும்? வேகக் கார் என்பது கார் கம்பெனியின் பட்டுப்புடவை. அதில் பெரிய லாபம் வராது, பெயர் வரும்.

இந்தக் கணக்கை அவனுக்கு நான் சொன்னது விளையாட்டாகத்தான். 2025-ல் அது விளையாட்டாக இல்லை.

மார்ச் மாதக் கடைசியில், ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த 51 சதவிகிதப் பங்கையும் ரெனோவிடம் கொடுக்கப்போவதாக நிஸான் அறிவித்தது. மே மாதம் கணக்கு வெளியானது. ஒரே நிதியாண்டில் சுமார் 67,000 கோடி யென் நஷ்டம். உலகம் முழுக்க 20,000 வேலைகள் குறைப்பு, 17 ஆலைகள் 10 ஆகும் என்றார்கள்.

அன்று ராத்திரியும் மாப்பிள்ளை போன் செய்தான். ஜி.டி.ஆர் பேச்சே வரவில்லை. "மாமா, எங்க லைன்ல பாதி சரக்கு அந்த ஆலைக்குத்தான் போகுது. எங்க ஷிஃப்ட் இருக்குமா?" வீட்டுக் கடனுக்கு அப்போதுதான் விண்ணப்பம் கொடுத்திருந்தான். அக்கா பக்கத்திலிருந்து, "என்னடா சொல்றான் மாமா?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

பத்து வருஷமாக அவன் கேட்ட கேள்வியும் அன்று கேட்ட கேள்வியும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஜி.டி.ஆர் எப்போது வரும் என்பதற்கான பதில் ரகசியப் படங்களில் இல்லை. அந்த கம்பெனி எப்போது எழுந்து நிற்கும் என்பதில் இருக்கிறது. அதே பதிலில்தான் ஜப்பானிலும் ஒரகடத்திலும் பல ஆயிரம் பேருடைய மாதச் சம்பளமும் இருக்கிறது.

"கடனை மூணு மாசம் தள்ளிப் போடு. பங்கு கை மாறட்டும், ஆர்டர் எப்படி வருதுன்னு பார்ப்போம்" என்றேன். ஆலை ரெனோ கைக்குப் போனாலும், நிஸானின் மேக்னைட் கார் அங்கேயே தொடர்ந்து தயாராகிறது. அவன் ஷிஃப்ட் ஓடுகிறது.

அந்த ஆகஸ்ட் 26-ம் தேதி, ஜப்பானின் தொச்சிகி ஆலையில் கடைசி ஆர்35 வெளியே வந்தது. 18 வருஷத்தில் சுமார் 48,000 கார்கள். அதன் என்ஜின் ஒவ்வொன்றையும் 'தக்குமி' என்று அழைக்கப்படும் கைதேர்ந்த தொழிலாளி ஒருவரே கையால் கோத்து, தன் பெயர்த் தகட்டைப் பதிப்பார். இத்தனை வருஷத்தில் அப்படிப்பட்டவர்கள் மொத்தமே ஒன்பது பேர். மாப்பிள்ளை எனக்கு அனுப்பியது காரின் படமல்ல. அந்தப் பெயர்த் தகட்டின் படம். 'இவங்க இப்போ என்ன வேலை பார்ப்பாங்க மாமா?' என்று கீழே எழுதியிருந்தான்.

ஜி.டி.ஆர் என்ற பெயர் ஒருநாள் திரும்பி வரும் என்று நிஸானின் புதிய தலைவர் இவான் எஸ்பினோசா சொல்லியிருக்கிறார். தேதி மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை இன்னும் 2029-ஐ விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ரகசியப் படங்களோடு கம்பெனியின் காலாண்டுக் கணக்கையும் சேர்த்தே எனக்கு அனுப்புகிறான். "தொடர்ந்து ரெண்டு வருஷம் லாபம் காட்டட்டும், அப்புறம் பேசலாம்" என்பது என் பதில்.

வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது. படப்பையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். சாவி வாங்கப் போன அன்று அக்கா சமையலறை மேடையின் உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவனைக் காணோம். கீழே கார் நிறுத்தும் இடத்தில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

"ஆர்35 நீளம் 4.7 மீட்டர் மாமா. இங்க அஞ்சு மீட்டர் இருக்கு."

இப்போதைக்கு அங்கே அவன் பைக் நிற்கிறது.