ஏழு நிமிடப் பயணமும் என் டீசல் வண்டியும்

போன வாரம் நடைப்பயிற்சியில் ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். அவர் மகன் பெரிய டீசல் பிக்கப் ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறானாம். வீட்டிலிருந்து கடைக்குப் போய்வர. கடை மூன்று கிலோமீட்டர். "நீங்கதான் அந்த மாதிரி வண்டி வெச்சிருக்கீங்களே, எப்படிங்க?" என்று கேட்டார். அது நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை. எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வேலை பார்த்தது பஸ் டெப்போவில். பிட்டில் இறங்கி போல்ட் கழற்றுவதில் ஆரம்பித்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். டீசல் எஞ்சினைப் பற்றி யாராவது எனக்குச் சொல்ல வந்தால் சிரித்துக்கொள்வேன். அந்தத் திமிர்தான் இந்தக் கதைக்கு மூலதனம்.

2022இல் டபுள் கேப் பிக்கப் வாங்கினேன். முன்னால் குடும்பம் உட்காரலாம், பின்னால் தேங்காயும் உரமூட்டையும் ஏற்றலாம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. தவறு அவர்கள் மேல் இல்லை.

வீட்டிலிருந்து தோப்பு நாலு கிலோமீட்டர். பாதி தூரம் பி.ஏ.பி. வாய்க்கால் ஓரமாகப் போகிற குண்டும் குழியுமான ரோடு. முப்பதுக்கு மேல் போக முடியாது. ஏழெட்டு நிமிடத்தில் தோப்பு வந்துவிடும். காலையில் போவேன், மதியம் சாப்பாட்டுக்கு வருவேன், மறுபடி போய் இருட்டும்போது திரும்புவேன். வெப்பமானியின் முள் கீழேயிருந்து கிளம்பி நடுவுக்கு வருவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்திருப்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவை இது.

ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒன்றிரண்டு விஷயம் கண்ணில் பட்டது. சில நாள் தோப்பில் நிறுத்தும்போது எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக உறுமும். ரேடியேட்டர் ஃபேன் சத்தமாகச் சுற்றும். சூடான இரும்பு வாசனை வரும். ஃபேன் சுவிட்சில் கோளாறு என்று நினைத்து உடனே அணைத்துவிடுவேன். இன்னொன்று, ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். சர்வீஸில் கூட ஊற்றிவிட்டார்கள் என்று திட்டினேன். ஆயில் குறைந்தால் பயப்பட வேண்டும் என்றுதான் எனக்குப் பாடம். கூடினாலும் பயப்பட வேண்டும் என்று எங்கள் காலத்தில் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சின்னப் பெட்டிக்குள் புள்ளி வைத்த மாதிரி ஒரு படம். விளக்குக்கெல்லாம் பயப்படுகிற ஆளா நான்? பத்து நாள் அப்படியே ஓட்டினேன்.

பதினோராம் நாள் மகளையும் பேத்தியையும் கோவையில் ரயில் ஏற்றிவிடக் கிளம்பினோம். நாலு வழிச் சாலையில் ஏறியதும் வண்டிக்குத் தெம்பே இல்லை. மிதித்தால் உறுமுகிறது, நகரவில்லை. நாற்பதைத் தாண்ட மறுத்தது. இரண்டாவது விளக்கும் எரிந்தது. டெம்போவும் பால் வண்டியும் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. கிணத்துக்கடவில் ஓரங்கட்டி, கால் டாக்ஸி வரவழைத்து அவர்களை அனுப்பினேன். ரயிலைப் பிடித்துவிட்டார்கள். பேத்தி மட்டும் ஏறும்போது, "தாத்தா, உனக்குத்தான் வண்டி ரிப்பேர் தெரியுமே?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் என் மகன் வயதில் ஒரு தம்பி. லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "சார், டெய்லி எவ்வளவு தூரம் ஓட்டறீங்க?" என்றார். நாலு கிலோமீட்டர் என்றதும் தலையாட்டினார். "டி.பி.எஃப். அடைச்சிருச்சுங்க சார்."

அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கிற புதிய வண்டியெல்லாம் பி.எஸ்.6. டீசலில் இருக்கும் கந்தகத்தை 50 பி.பி.எம்.மிலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி வைத்தார்கள். அதுதான் டி.பி.எஃப். தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் உள்ள பீங்கான். கரி அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் சுமையோடு போனால் புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். போதாவிட்டால் கம்ப்யூட்டரே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

என் வண்டிக்கு அந்த இருபது நிமிடம் கிடைக்கவே இல்லை. உறுமலும் ஃபேன் சத்தமும் சூட்டு வாசனையும் கோளாறு இல்லை. வண்டி தன் கரியை எரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் ஒவ்வொரு தடவையும் நடுவில் அணைத்திருக்கிறேன். தெளித்த டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. அதனால்தான் குச்சியில் அளவு ஏறியது. அந்த நீர்த்த ஆயிலில்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "ஈர விறகை வெச்சுப் பத்த வெச்சு, அது பத்திக்கிறதுக்குள்ள தண்ணி ஊத்தி அணைச்சா, புகையாம என்னங்க பண்ணும்?" டெப்போவில் இருந்த எனக்கு இது தெரியாமல் போனது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். டவுன் பஸ்ஸும் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்றுதான் போகும். ஆனால் விடிகாலையில் கிளப்பினால் இரவு வரை அதன் எஞ்சின் ஆறவே ஆறாது. தூரம் குறைவு என்பதில்லை விஷயம், சூடு ஏறுவதில்தான் இருக்கிறது. வருஷக்கணக்காக ஆறாத எஞ்சின்களையே பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

நிறுத்தி வைத்தே லேப்டாப் மூலம் கரியை எரித்தார்கள். ஆள் மிதிக்காமலே எஞ்சின் அரை மணி நேரம் உறுமியது. புகைக்குழாய் பக்கம் போக முடியவில்லை, அவ்வளவு அனல். பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள். பில் பதினோராயிரத்துச் சொச்சம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வடிகட்டியையே மாற்ற வேண்டும், அது லட்சத்தைத் தாண்டும் என்றார் அந்தத் தம்பி. முதல் விளக்கு எரிந்த அன்றே நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் செலவே இல்லை. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அது தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியில் ஒரு மெக்கானிக், "எதுக்குங்கண்ணா இந்தத் தலைவலி? வடிகட்டியைக் கழட்டிட்டு வெறும் குழாய் வெச்சிடலாம், கம்ப்யூட்டரையும் ஏமாத்திடலாம்" என்றார். இரண்டு நாள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி தப்பு என்பது தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படி மாற்றக் கூடாது என்கிறது. உண்மையைச் சொன்னால் சட்டம் என்னைத் தடுக்கவில்லை. ஊரில் எத்தனை வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

தடுத்தது வேறு. டெப்போ பிட்டில் என்னோடு ஒரு ஹெல்பர் இருந்தார். காலையில் வரிசையாகப் பஸ்களைக் கிளப்பும்போது ஷெட் முழுக்கக் கரும்புகை நிற்கும். நாங்கள் அதற்குள்தான் டீ குடிப்போம். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும், சிரித்துக்கொள்வோம். ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கும்போது அவருக்கு இருமல் வந்தது. கடைசியில் நுரையீரலில் புற்று என்றார்கள். பீடியும் குடிப்பார். எதனால் வந்தது என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதிப்படுத்தியபோது, பேப்பரில் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வாய்க்கால் ரோட்டில் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் என் வண்டிக்குப் பின்னால்தான் வருவார்கள். குழாயில் கை வைக்க வேண்டாம் என்று அந்த மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது தினமும் தோப்புக்குப் போவது என் பழைய டி.வி.எஸ். மொபெட்டில். பிக்கப் சுமை இருந்தால் மட்டும். தீவனம், உரம், தேங்காய் என்று தனித்தனியாக ஓடாமல் சேர்த்து வைத்து ஒரே நாளில் முடிக்கிறேன். ஆயில் அளவை வாரம் ஒரு முறை பார்க்கிறேன், ஏறியிருக்கிறதா என்று. ஆயிலும் புத்தகத்தில் போட்ட ரகம்தான். சாதா ஆயில் விட்டால் அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், எந்தச் சூட்டிலும் எரியாது. தோப்பில் காய்ந்த ஓலை, பன்னாடை மேல் வண்டியை நிறுத்துவதே இல்லை. அந்த அனலுக்கு அது பற்றிக்கொள்ளும்.

நண்பருக்கு என் பதில்: மூன்று கிலோமீட்டர் கடைக்கு மின்சார ஸ்கூட்டர் போதும். சரக்கு ஏற்ற வேண்டுமென்றால் குட்டி யானை பெட்ரோலிலும் கிடைக்கிறது, சி.என்.ஜி.யிலும் கிடைக்கிறது, மின்சாரத்திலும் வந்துவிட்டது. பிக்கப்தான் வேண்டும் என்றால், பத்து நாளைக்கு ஒரு முறையாவது கோவை வரை போய்வர ஏதாவது வேலை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வேலை இல்லாவிட்டாலும் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியும் ஏறிக்கொள்வாள். கிணத்துக்கடவு தாண்டிப் போய்த் திரும்புவோம். வழியில் ஒரு காபி. போன ஞாயிறு வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல் நேராகப் போய்ப் பிள்ளையார் கோயிலைச் சுற்றி மறுபடி வந்தேன், அப்போதும் சுற்றியது, இன்னொரு சுற்று போனேன். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது தடவை எழுந்து நின்று கேட்டார்: "ஏனுங்க, வீடு மறந்துபோச்சுங்களா?"