மணலுக்கும் மாத்திரைக்கும் மல்லுக்கட்டு!

ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்ன கேள்வி. நேத்து தலைவலிக்கு நீங்க போட்ட மாத்திரை இப்போ எங்கே இருக்கு? 'வயித்துக்குள்ளே கரைஞ்சு போச்சு'ங்கிறீங்களா? ஸாரி பாஸ், பாதி மார்க்தான்! உடம்பு எடுத்துக்கிட்டது போக, மிச்ச மருந்து பாத்ரூம் வழியா சாக்கடைக்குப் போகுது. அங்கேயிருந்து ஆறு. காவிரித் தண்ணியைச் சோதிச்சு சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், வலிப்பு மருந்து, காபியில் இருக்கிற கஃபீன் எல்லாமே சிக்கியிருக்கு.

நான் சிவில் மூணாம் வருஷம். எங்க டிபார்ட்மென்ட்டுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் 'ஸ்லோ சாண்ட் ஃபில்டர்' புராஜெக்ட் செஞ்சோம். அடியில் கூழாங்கல், அதுக்கு மேலே மணல், மேலே தண்ணி. மோட்டார் கிடையாது, கெமிக்கல் கிடையாது. மணிக்குப் பத்து, இருபது சென்டிமீட்டர்தான் தண்ணி இறங்கும். அரியர் வெச்சவன் ரிசல்ட் பார்க்கப் போற வேகம்!

ஆனா, சூட்சுமம் மணலில் மட்டும் இல்லை. சில வாரத்தில் மணலுக்கு மேலே வழவழன்னு ஒரு படலம் படியும். ஜெர்மன் மொழியில் 'ஷ்முட்ஸ்டெக்கே', அதாவது அழுக்குப் போர்வை. அதில் குடியிருக்கிற நுண்ணுயிரிகள்தான் தண்ணியில் வர்ற கிருமிகளை ஒழிச்சுக்கட்டுது.

'அழுக்கு'தானேன்னு அலட்சியம் வேண்டாம். 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து எட்டாயிரம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனாவும் அதே எல்பே ஆற்றுத் தண்ணியைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகு! ஆனாலும் அந்த ஊர் பெருமளவு தப்பித்தது. காரணம், அங்கே மணல் வடிகட்டி இருந்தது. ஹாம்பர்க்கில் இல்லை. நம்ம சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் வந்ததும் இதே டெக்னிக்தான்.

சரி, கிருமியை ஜெயிக்கிற மணல் மாத்திரையை ஜெயிக்குமா? இங்கேதான் ட்விஸ்ட். கஃபீன், பாரசிட்டமால் மாதிரி ஆளுங்களை அந்த நுண்ணுயிரிகள் நல்லாவே ஒரு கை பார்த்துடும். ஆனா, 'கார்பமசெபைன்'னு ஒரு வலிப்பு மருந்து இருக்கு. அது வந்தா மணலும் படலமும் கிட்டத்தட்ட வேடிக்கைதான் பார்க்கும்.

அந்தப் பேரைப் படிச்சதும் எனக்குத் திக்குன்னு ஆச்சு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே கிடக்கிற அட்டையில் அதே பேர்! என் தம்பி தினமும் ரெண்டு வேளை போடுற மாத்திரை. அது இருக்கிறதாலதான் அவன் பயமில்லாம ஸ்கூலுக்குப் போறான், கிரிக்கெட் ஆடுறான். அந்த மருந்தைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது.

உடனே பதறாதீங்க. ஆற்றில் கலந்திருப்பது பெரும்பாலும் நானோகிராம் கணக்குதான். லிட்டருக்கு நூறு நானோகிராம்னு வெச்சுக்கிட்டா, ஒரு 200 மில்லிகிராம் மாத்திரைக்கு 20 லட்சம் லிட்டர் தண்ணி!

ஆனா, எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஹைதராபாத் பக்கம் படான்செருவில் மருந்துக் கம்பெனிகளின் கழிவைச் சுத்திகரிக்கிற நிலையத்திலிருந்து வெளியேறின தண்ணியில், சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். குடத்துக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போட்ட மாதிரி! அந்தத் தண்ணியில் பிழைக்கப் பழகின பாக்டீரியா நம்ம உடம்புக்குள்ளே வந்தா, அந்த மாத்திரைக்கு அடங்காமப் போகலாம்.

தீர்வு இருக்கு. லண்டனில் 1990-களிலேயே ரெண்டு மணல் அடுக்குக்கு நடுவில் ஆக்டிவேட்டட் கார்பனை வெச்சாங்க. பேரே 'சாண்ட்விச்' ஃபில்டர்! பூச்சிமருந்தைப் பிடிக்கத்தான் வெச்சாங்க. ஆனா, கார்பன் கார்பமசெபைனையும் பிடிக்கும். என்ன, கார்பன் நிறைஞ்சதும் மாத்தணும். அதுக்குக் காசு வேணும்.

ஆக, என் தம்பி மாத்திரையைப் பிடிக்கிற வேலை எங்களை மாதிரி நாளைய இன்ஜினீயர்களுக்கு. தேவையே இல்லாம தண்ணிக்குப் போற மருந்தைத் தடுக்கிற வேலை உங்களுக்கும் சேர்த்துதான். சளி பிடிச்சா நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க. டாக்டர் எழுதிக் கொடுத்தா, சொன்ன நாள் வரைக்கும் சாப்பிட்டு முடிங்க. ஹாஸ்டல் அலமாரியில் எக்ஸ்பைரி ஆகிக் கிடக்கிற மாத்திரை, சிரப்பை வாஷ்பேசினில் கொட்டாதீங்க. வீட்டில் கிடக்கிற பழைய மருந்தைச் சேகரிக்கிற திட்டத்தைக் கேரளா 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது. நம்ம ஊரில் எங்கே கொடுக்கிறதுன்னு மெடிக்கல் ஷாப்பில், கார்ப்பரேஷனில் கேளுங்க. நாலு பேர் கேட்டாத்தான் வரும்!

என் தம்பி மாத்திரையை நிறுத்த முடியாது. நீங்க கொட்டுறதை நிறுத்த முடியும். ரெண்டில் எது ஈஸின்னு நீங்களே சொல்லுங்க!