நடுவில் தூண் இல்லாத கூரை

கலவை என்றால் பலருக்குக் காஞ்சி மடம்தான் ஞாபகம் வரும். 1907இல் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பன்னிரண்டு வயதுப் பையனாகப் பீடம் ஏறியது இந்த ஊரில். அவருக்கு முந்தைய இரண்டு ஆசாரியர்களின் அதிஷ்டானமும் இங்கேதான். ஆற்காட்டில் பஸ் ஏறியதும் பக்கத்து இருக்கை அம்மா கேட்டார்: "மடத்துக்கா போறீங்க?"

"இல்லம்மா, ஒரு ஆபரேட்டரைப் பார்க்கணும்."

"ஜேசிபியா?"

"சினிமா ஆபரேட்டர்."

"அதெல்லாம் இன்னும் கீதா?" என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திமிரி வரைக்கும் எதிரே ஷூ கம்பெனி வேன்கள் வந்துகொண்டே இருந்தன. ராணிப்பேட்டைப் பக்கம் காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் உள்ளே தூங்கி வழிந்தார்கள். நான் பார்க்கப் போனவரும் வாழ்நாளெல்லாம் ஷிப்டு பார்த்தவர்தான். மேட்னி, ஃபர்ஸ்ட் ஷோ, செகண்ட் ஷோ.

வயது எழுபதைத் தாண்டிவிட்டது. திண்ணையில் முண்டா பனியனோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் சத்தம். "உக்காருங்க சார். ஏதோ எழுதணும்னு போன்ல சொன்னீங்களே. எழுத இன்னா கீது, கதவச் சாத்திக்கிட்டு செஞ்ச வேலை" என்றார். பிறகு மூன்று மணி நேரம் நிறுத்தவில்லை.

பதினாலு வயதில் டூரிங் டாக்கீஸில் எடுபிடியாகச் சேர்ந்தவர். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, ஆயில் இன்ஜின், ஒரே ஒரு புரொஜெக்டர். ஒற்றை மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விட்டாக வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று, நான்கு தடவை விளக்குப் போடுவார்கள். முறுக்கு விற்கிறவருக்கு அது நல்ல காலம். பொழுது சாய்ந்து இருட்டினால்தான் படம். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் வந்தால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வயலில் இருப்பவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கரையேறுவார்கள் என்றார்.

இந்தக் கொட்டகைக்கெல்லாம் மூத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர், 1905இல் து பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து மெஷினையும் படங்களையும் வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். ரங்கூன், லாகூர் வரைக்கும் போனார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி ஒரு இடத்தில் நிலைத்தார். இதை நான் சொன்னதும் பெரியவர், "அவரு மொதலாளி சார். மெஷினைப் பிடிச்சவன் யாருன்னு எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். எழுதி வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் வெளியான படம் வேலூர், ஆற்காடு எல்லாம் ஓடி முடித்து இந்தப் பக்கத்துக் கொட்டகைக்கு வர மாசக்கணக்கு ஆகும். அதற்குள் பிலிம் கீறிப்போயிருக்கும். திரையில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக விழும். ஜனங்கள் அதற்கு "மழை பெய்யுது" என்பார்கள். கலர்ப் படம் சாயம் போய்ச் செவசெவவென்று இருக்கும். எத்தனை ஊரில் அறுந்ததோ அத்தனை இடத்தில் ஒட்டு. ஒவ்வொரு ஒட்டுக்கும் சில ஃபிரேம் போகும். இருபத்துநாலு ஃபிரேம் போனால் ஒரு நொடி. "வசனத்துல பாதி மேல் ஊர்லயே தங்கிடும்" என்றார். விட்டுப்போன வசனத்தை முன்வரிசைப் பையன்கள் தாங்களே சொல்லி முடிப்பார்களாம்.

பிலிம் எப்படி ஓடும் என்று கேட்டேன். உள்ளே பார்த்து, "இந்தா, இஞ்ச் டேப்பைக் குடு" என்றார். தையல் மெஷின் நின்றது. டேப் வந்தது. கூடவே, "திருப்பித் தரணும்" என்ற குரலும் வந்தது.

இடது கையின் விரல்களை விரித்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் மேல் பல்சக்கரம். அதைச் சுற்றி டேப்பை இறக்கி, ஒரு விரற்கடை தொய்வு விட்டார். "இது லூப். சக்கரம் நிக்காம சுத்தும். ஆனா படம் ஒவ்வொண்ணும் கேட்ல ஒரு கணம் நின்னுதான் போவணும். நொடிக்கு இருபத்துநாலு தடவை நின்னு நின்னு எறங்குது. ஓடுறதுக்கும் நிக்கிறதுக்கும் நடுவுல சண்டை வராம இந்தத் தொய்வுதான் பார்த்துக்குது." கட்டைவிரலால் டேப்பை அழுத்திப் பிடித்தார், அது கேட். அதன் கீழே இன்னொரு தொய்வு. பிறகு சுண்டுவிரலைச் சுற்றினார்; அது சவுண்டு. படத்துக்கும் அதற்கான சத்தத்துக்கும் பிலிமில் இருபது ஃபிரேம் தூரம் உண்டு. கீழ்த் தொய்வு கூடினாலோ குறைந்தாலோ உதடு ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். மேல் தொய்வு போனால் படம் குதிக்கும், பிலிம் கிழியும். வலது கையால் டேப்பை மெல்ல இழுத்தார். எந்த விரலிலும் அது இறுகவில்லை. அந்த விரல்களுக்கு இன்னும் தொழில் மறக்கவில்லை.

பிறகு நிரந்தரத் தியேட்டருக்கு மாறினார். மின் ஆய்வுத் துறை நடத்திய தேர்வை எழுதி ஆபரேட்டர் சான்றிதழ் வாங்கினார். அங்கே இரண்டு போட்டோபோன் மெஷின்கள். இரண்டாயிரம் அடிச் சுருள் ஒன்று இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு தோன்றி மறையும். அடுத்த மெஷினின் மோட்டாரைத் தட்ட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு பொட்டு. உடனே ஒளியை மாற்ற வேண்டும். கீழே யாருக்கும் தெரியக் கூடாது. எனக்கு நினைவு தெரிந்த நாளாகத் தியேட்டருக்குப் போகிறேன், அந்தப் பொட்டை ஒருநாளும் கவனித்ததில்லை. "கவனிச்சிருந்தா நான் தப்பு பண்ணியிருக்கேன்னு அர்த்தம்" என்றார்.

வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகள். செம்புப் பூச்சுப் போட்ட இரண்டு குச்சிகளின் முனைகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து எரியும். எரிய எரியக் குச்சி குறையும். இடைவெளி கூடினால் திரை மஞ்சளாகும், இன்னும் விட்டால் அணைந்துபோகும். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துத் திருக வேண்டும். அறையில் சூடும் புகையும். கார்பன் புகைக்குப் பால் குடிப்பது நல்லது என்று பெரிய ஆபரேட்டர்கள் சொல்வார்களாம். "நம்ம சம்பளத்துக்கு டீ. அதுலயும் பால் கீது இல்ல?" பிற்பாடு செனான் விளக்கு வந்து அந்தப் பாடு தீர்ந்தது.

அவர் ரசித்துச் சொன்னது ஒரு வார் அறுந்த கதையை. ஓடி முடித்த பிலிமைச் சுற்றும் கீழ்ச்சக்கரத்தை டேக்கப் என்பார்கள். அதை இழுக்க ஒரு தோல் வார் உண்டு. ஒரு பொங்கலுக்கு, செகண்ட் ஷோவில், கூட்டம் வாசல்வரை நிற்கும்போது அந்த வார் அறுந்தது. மேலிருந்து பிலிம் வருகிறது, கீழே சுற்ற ஆளில்லை. தரையில் பாம்புபோலக் குவிகிறது. உதவிப் பையனைச் சைக்கிளில் வீட்டுக்கு விரட்டிவிட்டு, இவர் குனிந்தபடி கையாலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து நிமிர்ந்து கார்பனையும் பார்த்துக்கொண்டு ரீலை ஓட்டி முடித்திருக்கிறார். பையன் கொண்டுவந்தது தையல் மெஷின் வார். கொக்கியைக் கழற்றி நீளத்தைக் குறைத்து மாட்டினார். "கீழ ஒருத்தனும் விசிலடிக்கல சார்." சுற்றுவட்டாரமெல்லாம் தோலைப் பதப்படுத்தி உலகத்துக்கு அனுப்புகிற சீமையில், ஒரு முழம் தோல் வாருக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் பட்ட பாடு.

2005 வாக்கில் சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் க்யூப் என்ற டிஜிட்டல் திரையிடும் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த எட்டு, ஒன்பது வருஷத்துக்குள் பிலிம் போய்விட்டது. ஃபூஜி நிறுவனமே 2013இல் சினிமாப் பிலிம் தயாரிப்பைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது. படப்பெட்டி வருவது நின்றது. "டிக்கெட் கிழிக்கிற பையனே பட்டனையும் தட்டிட்டான். என்னை யாரும் போவச் சொல்லல. நிக்கச் சொல்லவும் இல்ல." கணக்கு முடித்தபோது கையில் கொடுத்த தொகையைச் சொன்னார். எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அவர் வேலை பார்த்த தியேட்டரைப் பார்க்க இருவரும் பஸ் ஏறினோம். இப்போது அது கல்யாண மண்டபம்.

சினிமாக் கொட்டகை வேறொன்றாக மாறுவது புதுச் சங்கதி இல்லை. சென்னை மவுண்ட் ரோடில் வார்விக் மேஜர் 1913இல் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் இரண்டே வருஷத்தில் தபால் இலாகா கைக்குப் போனது; இன்று அங்கே தபால்தலை விற்கிறார்கள். மதுரையில் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறு இருக்கைகளுக்கு மேல். இடித்துவிட்டு ஜவுளிக்கடை கட்டினார்கள். வேலூரில் பஸ் கண்டக்டர்கள் இன்றும் ராஜா தியேட்டர், நேஷனல் என்று கூவித்தான் ஆளை இறக்குகிறார்கள். பெரிய ஊரில் மனை விலை ஏறியதும் இடிக்கிறார்கள். சின்ன ஊரில் இடிப்பதற்கும் காசு வேண்டுமே. கட்டடம் அப்படியே இன்னொரு வேலைக்குப் போகிறது. அது எளிதில் முடிவதற்குக் காரணம் கூரை. திரையை மறைக்கும் என்று நடுவில் ஒரு தூண்கூட வைக்காமல் கட்டிய இடம் வேறெங்கே கிடைக்கும்? நெல் மூட்டை அடுக்கலாம், பந்தி போடலாம். சரிந்த தரைக்கு மட்டும் மண் கொட்டிச் சமன் செய்தால் போதும்.

இந்தக் கட்டடமும் அப்படித்தான் சுற்றி வந்திருக்கிறது. படம் நின்றதும் கொஞ்ச நாள் நெல் கிடங்கு, பிறகு ஒரு தோல் மண்டிக்காரர் உப்புப் போட்ட பச்சைத் தோலை அடுக்கி வைத்தார், அதற்கப்புறம் மண்டபம். காவல்காரர் எங்களை உள்ளே கூட்டிப்போய், மணமேடைக்குப் பின்னால் தொங்கிய ஜரிகைத் துணியை விலக்கினார். முழங்கால் உயரம் வரை சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டேன். உப்பு. "எத்தனை தடவை சுண்ணாம்பு அடிச்சாலும் மழைக்காலத்துல வந்துடுது. அதான் எப்பவும் துணி கட்டி வைக்கிறது" என்றார். ஒருகாலத்தில் திரை கட்டியிருந்த அதே சுவர். மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் முன்னால்தான் உட்காருகிறார்கள்.

ஆபரேட்டர் ரூமுக்கு வெளிப்புறமாகத் தனிப் படி. 1955ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அந்த அறையை ஒரு கோட்டைபோல வைத்திருந்தன: தீப்பிடிக்காத சுவர், சின்னத் துவாரங்கள், தீ கிளம்பினால் அவற்றை மூடும் இரும்புத் தகடு. பழைய நைட்ரேட் பிலிம் அவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும். கூடம் கிடங்காகும், மண்டபமாகும். இந்த அறைதான் எதற்கும் உதவாது. கட்டில் போட்டால் கதவு திறக்காது, ஜன்னலும் இல்லை. உடைந்த நாற்காலிகளும் வாழையிலைக் கட்டுகளும் கிடந்தன. தரையில் சிமெண்டில் பதித்த நான்கு போல்டுகள் மட்டும் துருவேறி நின்றன. பெரியவர் நாற்காலிகளை நகர்த்திவிட்டு அந்த நான்குக்கும் வலதுபுறமாகப் போய் நின்றார். துவாரத்தில் கண்ணை வைத்தார்.

"இன்னா தெரியுது?" என்று காவல்காரர் கேட்டார்.

"புறா உள்ள வருது. ஒரு வலை அடிச்சு வை" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கலவைக்குத் திரும்பும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மா காலை நிறுத்தி, சக்கரத்தில் நழுவிய வாரைத் தூக்கி மாட்டினார். தோல் வார் இல்லை, நைலான் கயிறு. இரண்டு இடத்தில் முடிச்சு.

"தோல் வார் ஒண்ணு இருந்துச்சு. ஒரு பொங்கலுக்குப் பையன் வந்து கழட்டிக்கிட்டுப் போனான்" என்றார். "மறுநாள் புதுசு வாங்கித் தர்றேன்னாரு."

பெரியவர் இஞ்ச் டேப்பைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தார். "டேப்பைத் திருப்பிக் குடுத்தாச்சு" என்றார்.