புத்தூர் கட்டா, அறுவை சிகிச்சையா?

எங்கள் மணவாள நகரில் எவருக்கேனும் கை முறிந்துவிட்டது என்றால், நலம் விசாரிக்க வருவோர் முதலில் கேட்பது, "புத்தூருக்குப் போனீர்களா?" என்பதே. திருவள்ளூர் ரயில் நிலையத்தையொட்டி வாழும் எங்களுக்கு அது தொலைவான ஊருமன்று. அரக்கோணம் சென்று திருத்தணியைக் கடந்தால், ஆந்திர எல்லைக்கப்பால் புத்தூர் வந்துவிடும். பச்சிலைச் சாறு, முட்டையின் வெண்கரு, மூங்கில் சிம்பு, துணி ஆகியவற்றைக் கொண்டு அங்கே தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறார்கள். குணமடைந்து திரும்பியோர் எங்கள் தெருவிலேயே பலர் உண்டு. அதை மறுப்பது நியாயமாகாது. விலகாத எலும்பு, அசையாமல் இருந்தால் தானே கூடிக்கொள்ளும் இயல்பை அல்லாஹ் அதற்கு அளித்திருக்கிறான். மூங்கில் சிம்பும் மருத்துவமனை மாவுக்கட்டும் அந்த அசையாமைக்குத் துணை நிற்பவையே.

ஆயின் எல்லா முறிவும் ஒரே முறிவன்று. இதனைச் சொல்லவே எழுதுகிறேன்.

சறுக்கி விழும்போது நம்மையறியாமல் உள்ளங்கையைத் தரையில் ஊன்றுகிறோம். உடலின் பாரம் முழுவதும் அங்கே இறங்க, முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒடிகிறது. டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ஆம் ஆண்டில் இம்முறிவை விளக்கி எழுதினார். எக்ஸ்ரே கண்டறியப்பட்டதோ 1895-இல்! தொட்டுப் பார்த்தே அறிந்தார் அம்மனிதர். இன்றும் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. கோணல் நிலைத்துவிட்டாலும் நாளடைவில் கை வலியின்றி இயங்கும் என்று ஆறுதலும் கூறியிருந்தார். அந்த ஆறுதலில் பாதி உண்மை உண்டு. அறுபது வயதைக் கடந்தோரில் பலருக்கு, மாவுக்கட்டாயினும் உலோகத் தகடாயினும், ஓராண்டு சென்றபின் கையின் திறனில் பெரிய வேற்றுமை இருப்பதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவே "அறுவை வேண்டாம், மாவுக்கட்டே போதும்" என்று கூறும் மருத்துவரை அலட்சியக்காரர் என எண்ணிவிடாதீர்கள்.

மீதிப் பாதியை எங்கள் வீட்டில் கண்டோம். என் மாமி ஒளுச் செய்யுமிடத்தில் வழுக்கி விழுந்தார். வயது ஐம்பத்தெட்டு. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு மெலிந்துபோகிறது. வெயிலே படாமல் வீட்டுக்குள் இருந்தால் வைட்டமின் டி சத்தும் குறைகிறது. நம் வீட்டுப் பெண்கள் மொட்டை மாடியிலாவது சற்று நேரம் வெயில் காய்வதில் என்ன தடையோ, எனக்கு விளங்கவில்லை. விழுந்த கையில் வீக்கம் ஏறுமுன் வளையல்களைக் கழற்றிவிட்டோம். சற்றுத் தாமதித்திருந்தால் அவற்றை அறுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும்.

எலும்பு மருத்துவர் கையை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். ஒரு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மீண்டும் சரிந்திருந்தது. மூட்டின் வழவழப்பான பரப்பிலும் பிளவு ஓடியிருந்தது. தகடு வைக்க வேண்டும் என்றார். வீட்டில் பெரும் விவாதம் மூண்டது. மாமியின் தம்பி, "கத்தி பட்ட கை எதற்காகும்? நாளைக் காலை வண்டிக்கே புத்தூருக்கு அழைத்துப் போகிறேன்" என்றார். மூட்டுக்குள் படிபோல் விலகி நிற்கும் எலும்பை எந்தக் கட்டாலும் வெளியிலிருந்து சமன் செய்ய இயலாது. அப்படியே கூடினால் அங்கே தேய்மானமும் வாதமும் பின்னர் வந்து சேரும். இதை அவருக்குப் புரியவைக்க ஓர் இரவு முழுவதும் ஆயிற்று.

மாமிக்கோ வேறு கவலை. மருத்துவரிடம் அவர் கேட்டது ஒன்றே: "ஸஜ்தாவில் உள்ளங்கையை ஊன்ற முடியுமா ஐயா?" அம்மருத்துவர் நம் மார்க்கத்தவரல்லர். மாமி கூறியதைச் செவிமடுத்து, எப்படி ஊன்றுவீர்கள் என மறு கையால் மேசைமீது செய்து காட்டச் சொன்னார். மணிக்கட்டு ஏறக்குறைய செங்குத்தாகப் பின்வளைய வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டார். முழு மயக்கம் தரவில்லை. ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து, சிறு தகடும் திருகாணிகளும் வைத்தார்கள். மறுநாளே விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார்கள். கட்டு இருந்த நாட்களில் அதன்மீது ஈரக்கையால் மஸ்ஹுச் செய்து தொழுதார். இதற்கு இமாம்கள் அனுமதி தந்துள்ளனர். தயம்மும் சேர வேண்டுமா என்பதில் மத்ஹபுக்கேற்ப வேறுபாடு உண்டு, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் உள்ளங்கை தரையில் படிந்தது. முழுமையாக அன்று; அடிப்பாகம் ஒரு விரல்கடை தூக்கியே நிற்கிறது.

குழந்தைகளின் செய்தி இதனினும் கவலைக்குரியது. நான் ஓதிக்கொடுக்கும் நிஸ்வான் மத்ரஸாவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஓரிடத்தில் (ஊர் பெயர் வேண்டாம்) இறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் அழுதாள். கட்டினால் வலிக்கத்தான் செய்யும் என்று இருந்துவிட்டனர் பெற்றோர். உள்ளே வீக்கம் ஏற, வெளியே கட்டு நெரிக்க, இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலேயே முன்கைத் தசை மடிந்துவிடும். பின்னர் விரல்கள் மடங்கியே நின்றுவிடும். ஜெர்மானியரான வோல்க்மன் 1881-இல் எழுதி வைத்த கேடு இது. மாவுக்கட்டாலும் இது நேரலாம். தாங்கொணா வலி, விரலை நீட்டினால் துடிப்பு, நுனி வெளுத்தல் அல்லது நீலம் பூத்தல், மரத்துப்போதல் - இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் கட்டைத் தளர்த்தச் செய்ய வேண்டும். முறிந்தவுடனே சிம்பு வைக்காது ஐந்து நாள் கழியும்வரை பொறுக்கலாம் என்று நம் இப்னு ஸீனா (980–1037) கருதியது, வீக்கத்தின் இவ்வாபத்தை அறிந்தே போலும்.

அச்சிறுமியைப் பின்னர் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். கை அறுவைக்கெனத் தனிப்பிரிவை டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1971-இல் அங்குத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அது முன்னோடி. காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பிரஸ் இயந்திரத்தில் கை நசுங்கும் தொழிலாளர்க்கும் அது அறிமுகமான இடம். சுருங்கிய தசையைப் பிரித்து இடம் நகர்த்தினார்கள். இன்று அச்சிறுமி பென்சில் பிடிக்கிறாள். பந்து பிடிக்க இயலவில்லை.

முடக்குவாதத்தால் மணிக்கட்டு வீங்கியோர்க்கு நிலைமை வேறு. மருந்துகள் நன்கு வேலை செய்யும் இக்காலத்தில் அறுவை பலருக்குத் தேவைப்படுவதில்லை. மூட்டு அறவே சிதைந்தால் மணிக்கட்டு எலும்புகளைத் தகடு வைத்து ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள். வலி போகும், உள்ளங்கையைத் திருப்பலாம், கரண்டி பிடிக்கலாம். ஆனால் மணிக்கட்டு அதன்பின் வளையாது. என்னுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவருக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இயலாதவர் இயன்றவாறு ஊன்றித் தொழலாம் என்ற சலுகையை மாணவியர்க்கு ஆண்டுதோறும் கற்பிப்பவர் அவர். தமக்கென்று வரும்போது மனம் ஒப்பவில்லை. இன்னும் ஆறு மாதம் மருந்தையே தொடர்ந்து பார்க்கிறேன் என்று மருத்துவரிடம் தவணை கேட்டு வந்திருக்கிறார்.