வெள்ளிக்கிழமை ஏழு மணி

2024 அக்டோபரில் ஒரு மத்தியானம் மகள் ஒசாகாவிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, ஓயாமா நொபுயோ போயிட்டாங்களாம்" என்றாள். செப்டம்பர் 29-ஆம் தேதியே இறந்துவிட்டிருக்கிறார், வயது 90. செய்தி அப்போதுதான் வெளியே வந்திருந்தது. எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. அந்த அம்மாளை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் எனக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தது அவருடைய தொண்டைதான்.

தோக்கியோவில் நிஷி கசாய்க்கு நாங்கள் குடிவந்தபோது மகளுக்கு மூன்று வயது. கணவர் வேலை முடிந்து வர இரவு பத்தாகும். கடையில் பால் பாக்கெட் எது, மோர் பாக்கெட் எது என்றுகூடத் தெரியாமல் நான் திண்டாடிய நாட்கள் அவை. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டிவி ஆசாஹியில் டோரேமான் வரும். மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே நானும் பார்ப்பேன். ஓயாமாவின் குரலில் பேசும் அந்த நீலப் பூனை ரோபோ சொற்களை மென்று விழுங்காது. ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுசாகச் சொல்லி முடிக்கும். அதன் பின்னாலேயே நானும் முணுமுணுப்பேன்.

கரகரப்பான, கொஞ்சம் தடித்த குரல். ஊரில் என் பெரிய அத்தைக்கு அப்படித்தான் இருக்கும், வெற்றிலை போட்டுப் போட்டுத் தடித்தது. அத்தை திட்டினால் பின்னாடியே ஒரு முறுக்கு வரும் என்று எங்களுக்குத் தெரியும். சிறுவன் நோபிதாவை டோரேமான் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்த முறுக்குதான் ஞாபகம் வரும்.

ஓயாமாவைச் சின்ன வயதில் இந்தக் குரலுக்காகவே பள்ளிக்கூடத்தில் கேலி செய்திருக்கிறார்கள். வாயைத் திறக்கவே கூசிய பெண்ணை அவருடைய அம்மா, மறைத்து வைத்தால் இன்னும் பலவீனமாகும், நன்றாகப் பேசு என்று பள்ளியின் ஒலிபரப்பு மன்றத்தில் சேரச் சொன்னாராம். இதைப் படித்த அன்று அந்த அம்மாவை நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1979-இல் டோரேமான் தொடர் தொடங்கியபோது, படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவே அவர் பேசுவதைக் கேட்டு, டோரேமானுக்கு இப்படிப்பட்ட குரலா இருந்தது என்று வியந்தாராம். வரைந்தவருக்கே அதுவரை தெரியாத குரல்!

அதை 2005-இல் மாற்றினார்கள். டோரேமான், நோபிதா, ஷிசுகா, ஜியான், சுனியோ என்று ஐந்து பேரின் குரல்களும் ஒரே சமயத்தில் மாறின. பழையவர்களுக்கு வயதாகிவிட்டிருந்தது, ஓயாமாவுக்கு எழுபது தாண்டியாயிற்று. காரணம் புத்திக்குப் புரிந்தது, காதுக்குப் புரியவில்லை. அந்த வசந்த காலம் முழுக்க ரயிலிலும் பள்ளி வாசலிலும் பெரியவர்கள் வாயில் ஒரே சொல்: 'இவாகான்'. ஏதோ ஒட்டவில்லை, உடம்புக்குச் சேராத சட்டை மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். நாற்பது வயது ஆண்கள் அதைச் சொல்லும்போது முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 15. மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன மாதம். மிசுதா வாசாபியின் புதுக்குரல் வந்தது. மெல்லியது, துள்ளலானது, பழையதைவிட இளசு. மகள் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இது டோரேமான் இல்ல."

அடுத்த வாரம் அவள் ஒன்று செய்தாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுசாக அமுக்கிவிட்டு, டிவி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, டோரேமான் வாயசைக்கும்போதெல்லாம் தானே பேசினாள். மோவாயைக் கழுத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தொண்டையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய குரலில். ஏழு வயதுத் தொண்டைக்கு அந்தத் தடிமன் எங்கிருந்து வரும்? கீச்சென்று உடைந்தது. இருமினாள், மறுபடி அழுத்தினாள். கழுத்தில் சிவப்பாக விரல் தடம். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். நிறுத்து என்று சொல்ல மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். "எனக்கு முதல்ல தெரிஞ்ச டோரேமான் ஆம்பளைக் குரல்ல பேசிச்சு" என்றார். 1973-இல் வேறொரு சேனலில் ஆறே மாதம் ஓடிய தொடர் அது. அதில் முதலில் தோமிதா கோசேய் என்ற நடிகர் பேசினார், பாதியில் நொசாவா மசாகோ வந்தார். பின்னாளில் டிராகன் பால் கோக்குவாகப் பேசியவர் அவர்தான். "ஓயாமா பேச ஆரம்பிச்சப்போ எனக்கு இவாகான்" என்று அந்த அம்மாள் சொன்னபோது நான் நம்பவே இல்லை.

மகன் 2006-இல் பிறந்தான். அவனுக்கு டோரேமான் என்றால் மிசுதாதான். அந்தக் குரல் கேட்டால்தான் தூங்குவான். மிசுதா பழைய குரலைப் போலப் பேசிக்காட்ட முயலவே இல்லை என்பதை அவனை மடியில் போட்டுக்கொண்டு கேட்ட அந்த இரவுகளில்தான் கவனித்தேன். லூபின் என்ற கார்ட்டூன் தொடரின் கதை வேறு. அதில் லூபினாகப் பேசிய யமாதா யாசுவோ 1995-இல் இறந்ததும், அவரைப் போலவே பேசிக்காட்டும் குரிதா கன்இச்சியை உட்கார வைத்தார்கள். மிசுதா தன் தொண்டையோடு வந்தார், 26 வருடப் பழக்கத்துக்கு எதிரே நின்றார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவரை அந்த முதல் வருடம் நான் மனதுக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அது தப்பு.

மகனுக்குப் பதினான்கு வயதானபோது 1980-இல் வந்த முதல் டோரேமான் படத்தைப் போட்டுக் காட்டினேன். டோரேமான் வாயைத் திறந்ததும் அவன் சிரித்தான். "அம்மா, இது மோனோகுமா!" தங்கான்ரோன்பா என்ற வீடியோ கேமில் பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லச் சொல்லும் கரடி. டோரேமானை விட்டு வந்த பிறகு ஓயாமா பேசிய பாத்திரம். எங்கள் அத்தைக் குரல், மகளின் பூனைக் குரல், அவனுக்குக் கரடிக் குரல். ஓயாமாவுக்குப் பிறகு அந்தக் கரடிக்கும் தராகோ என்ற நடிகை குரல் கொடுத்தார். அதைப் பற்றி அவன் குறைப்பட்டுக்கொண்டபோது, யாரும் சொல்லித்தராமலே அதே சொல் வாயில் வந்தது: இவாகான்.

ஓயாமாவுக்கு 2008-இல் பக்கவாதம் வந்தது. பிறகு மறதி நோய் என்று அவர் கணவரே வெளியே சொன்னார். நோபிதாவாகப் பேசிய ஓஹாரா நொரிகோ அதே 2024-இல், ஜூலையில், முன்னே போய்விட்டிருந்தார்.

அன்று மகள் போனை வைக்கவில்லை. "அம்மா, இருக்கியா?" என்றாள். இருக்கேன் என்றேன். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு, "போகு, டோரேமோன்", நான்தான் டோரேமான், என்று சொன்னாள். இருபத்தாறு வயது, வருடம் முழுக்க வகுப்பில் நின்று பாடம் நடத்தித் தடித்த குரல். இந்தத் தடவை உடையவில்லை.